மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை: திருகோணமலையின் மின்தேவையை வேறு நேரத்துக்கு நகர்த்த முடியுமா?

உள்துறைமுகம் எழுதியது:

நம் மாவட்டத்தில் மின்சாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது உற்பத்தியில் தொடங்கி உற்பத்தியிலேயே முடிந்துவிடுகிறது. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று பல ஆண்டுகள் வாதிட்டோம். 2016 இல் அது கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைப் பற்றிப் பேசுகிறோம். திருகோணமலையை வலுசக்தி மையமாக்குவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2025 ஏப்ரலில் கைச்சாத்தான பிறகு சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிய பேச்சும் சேர்ந்துகொண்டது. கையில் இருக்கும் மின்சாரத்தை எந்த நேரத்தில், எந்த வேலைக்கு, எவ்வளவு வீணாக்கிச் செலவிடுகிறோம் என்ற கேள்வியை மட்டும் ஒருவரும் எடுப்பதில்லை. மின்சாரத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தக் கேள்வியை இங்கே வைக்கிறேன்.

தேசிய மின்வலையமைப்பின் ஒரு நாள் தேவையை வரைபடமாக்கினால், மாலை ஆறரைக்குப் பிறகு அது செங்குத்தாக ஏறி, எட்டு மணியளவில் உச்சத்தைத் தொட்டு, பத்தரைக்குப் பிறகு வேகமாக இறங்குவதைக் காணலாம். இன்று அந்த உச்சம் 2,500 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. நீர்த்தேக்கங்களில் நீர் இருக்கும் காலத்தில் விக்டோரியா, கொத்மலை போன்ற நிலையங்கள் அந்த ஏற்றத்தைத் தாங்குகின்றன. வரட்சி வந்தால் எண்ணெய் எரிக்க வேண்டியிருக்கிறது. நாளில் நான்கு மணித்தியாலத் தேவைக்காகக் கட்டப்படும் இயந்திரங்களும் மின்வழிகளும் மிகுதி இருபது மணித்தியாலம் பெரும்பாலும் சும்மா கிடந்தாலும், அவற்றின் முதலீட்டையும் வட்டியையும் நாம்தான் கட்டணப் பட்டியலில் செலுத்துகிறோம்.

மறுபக்கத்தில், 2016 இல் சூரிய பல சங்கிராமம் என்ற கூரைச் சூரிய மின் திட்டம் தொடங்கிய பிறகு கட்டடக் கூரைகளில் ஏறிய சூரியத் தகடுகளின் கொள்ளளவு 1,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் தேவை விழுந்துவிடும் என்பதால், கூரைச் சூரிய இணைப்புகளைப் பகல் வேளையில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டதை எல்லோரும் அறிவோம். நண்பகலில் மின்சாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே நாள் இரவு எண்ணெய் எரிப்பது எந்த வீட்டுக் கணக்கிலும் நியாயமாகாது.

ஆகவே கேட்கிறேன்: நம் மாவட்டத்தில் மாலை உச்சத்திலிருந்து வேறு நேரத்துக்கு நகர்த்தக்கூடிய வேலைகள் எவை? உங்கள் வேலைத்தலத்தில் நீங்கள் கண்ணால் காண்பதை எழுதுங்கள்.

பேராதனை மாணவன் எழுதியது:

ஐயா, நண்பகல் தேவையை உயர்த்துவதால் செலவு குறைவதோடு வலையமைப்பின் உறுதியும் கூடும் என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. குரங்கு ஒன்று காரணமாயிற்று என்பதே செய்தியாகப் பரவியது. ஒரு குரங்கால் ஒரு நாட்டின் மின்சாரம் போக முடிந்தது ஏன் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அன்று விடுமுறை, தேவை குறைவு, வெயில் நன்றாக இருந்தது. சூரிய மின்சாரம் வலையமைப்பின் பெரும் பகுதியை நிரப்பியதால், சுழலும் கனமான இயந்திரங்கள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. தையல் மெசினில் காலை எடுத்த பிறகும் சக்கரம் சிறிது நேரம் சுழல்வது போல, நீர் மின்நிலையங்களினதும் அனல்மின் நிலையங்களினதும் சுழலிகள் ஒரு கோளாறின் முதல் சில செக்கன்களில் மீடிறன் (மின்னோட்டம் செக்கனுக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற அளவு) 50 ஹேர்ட்ஸிலிருந்து விழாமல் தாங்கிப் பிடிக்கின்றன. சூரியத் தகட்டின் மின்சாரத்தை வலையமைப்புக்கு ஏற்றதாக மாற்றும் சாதாரண இன்வேட்டர்களுக்கு அந்தச் சடத்துவம் இல்லை. நண்பகலில் தேவை கூடுதலாக இருந்தால், அதை நிறைவேற்றச் சில நீர் மின்பிறப்பாக்கிகளையாவது ஓட்டத்தில் வைத்திருக்க இடம் கிடைக்கும். அன்றைய தடையில் நின்றுபோன நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் இயந்திரங்கள் உடனே திரும்பி வரமுடியாததால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியாலம் சுழற்சி முறையில் மின்வெட்டு வந்ததையும் நினைவில் வைக்க வேண்டும்.

கிண்ணியாக் கரை எழுதியது:

ஐயா கேட்ட கேள்விக்கு ஐஸ் தொழிற்சாலையிலிருந்து பதில் சொல்கிறேன். இந்தத் தொழிலில் நீண்ட காலமாக இயந்திரப் பொறுப்பாளனாக இருக்கிறேன்.

கட்டி ஐஸ் எப்படி உருவாகிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய தொட்டியில் உப்புநீர் பூச்சியத்துக்குக் கீழே எட்டு, பத்துப் பாகை வரை குளிர்ந்து நிற்கும். அதற்குள் தகர அச்சுகளை வரிசையாக இறக்கி, அவற்றில் நல்ல தண்ணீரை நிரப்பி, மேலே பலகை மூடிகளை இட்டு வைப்போம். கட்டியின் தடிப்பைப் பொறுத்து ஒரு பகலோ ஒரு முழு நாளோ எடுத்து உறையும். கம்பிரசர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லா நேரமும் ஒரே சுமையில் ஓடாது. நீர் புதிதாக நிரப்பப்பட்ட முதல் மணித்தியாலங்களில்தான் அதற்குக் கடும் வேலை.

இங்கே கவனிக்க வேண்டியது படகுகளின் நேரம். சிறு படகுகள் பிற்பகலிலும் அந்தியிலும் கடலுக்குப் போகின்றன. கொட்பே துறைமுகத்துக்குப் போகும் பல நாள் படகுகளுக்கான ஐஸும் பெரும்பாலும் பிற்பகலில்தான் லொறியில் ஏறுகிறது. மூன்று மணி முதல் ஐந்தரை வரை அச்சுகளை ஒவ்வொரு வரிசையாக உயர்த்தி, சாதாரண நீரில் அமிழ்த்திக் கட்டிகளைக் கழற்றி அனுப்புகிறோம். உடனே வெற்று அச்சுகளில் கூரைத் தாங்கியிலிருந்து நீரை நிரப்பி இறக்குகிறோம். பகல் முழுவதும் வெயிலில் நின்ற கறுப்புத் தாங்கி அது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த நீரில் கையை வைத்தால் சுடும். அந்த நீர் முழுவதும் உப்புநீர்த் தொட்டிக்குள் இறங்கும் நேரம் ஐந்தரை, ஆறு. அதன் பிறகு கம்பிரசர்கள் முழுச் சுமையில் இரைந்து ஓடும் நேரம் ஏழு, எட்டு, ஒன்பது. நாட்டுக்கே மின்சாரம் மிகத் தட்டுப்பாடான நேரத்தில் எங்கள் தொழிற்சாலைகள் மிக அதிகமாக இழுக்கின்றன. முதலாளிமாருக்கு உச்ச நேர அலகு விலை அதிகம் என்பது நன்றாகத் தெரியும். படகு போகும் நேரத்தை அவர்களால் மாற்ற முடியாது.

உள்துறைமுகம் எழுதியது:

கிண்ணியா நானா எழுதியதை இந்த இழையின் மையமாக வைத்துக்கொள்ளலாம். கணக்காகவே பார்ப்போம்.

ஒரு தொன் நீரை 30 பாகையிலிருந்து பூச்சியப் பாகைக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 35 அலகு (கிலோவாட் மணித்தியாலம்) வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். பூச்சியப் பாகை நீரைப் பூச்சியப் பாகை ஐஸாக்க இன்னும் 93 அலகு. நல்ல நிலையிலுள்ள குளிரேற்றும் இயந்திரம் ஒன்று, ஓர் அலகு மின்சாரத்தால் இரண்டரை அலகு வெப்பத்தை வெளியேற்றும் என்று கொண்டால், இழப்புகளையும் சேர்த்து ஒரு தொன் ஐஸுக்கு 60 அலகு வரை மின்சாரம் செல்லும். பராமரிப்புக் குறைந்த இடத்தில் 80 வரை போகலாம். மொத்த வெப்பத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல், உறைவதற்கு முன்னரே, நீரைக் குளிர்விப்பதில் கரைகிறது. கூரைத் தாங்கியின் நீர் 38 பாகையில் இருந்தால் அந்த எட்டுப் பாகைக்காகத் தொன்னுக்கு மேலும் ஒன்பது அலகு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். தாங்கிக்கு ஒரு கிடுகுப் பந்தல் போட்டாலே அது மீதமாகும். இதற்குத் திட்ட அறிக்கையோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை.

நேரத்தை நகர்த்துவதற்கு என் யோசனை இது. பிற்பகலில் கட்டிகளைக் கழற்றிய பிறகு அச்சுகளில் உடனே நீர் நிரப்பாமல், பத்தரைக்குப் பிறகு நிரப்பினால் என்ன? ஆறரை முதல் பத்தரை வரை கம்பிரசரை நிறுத்தி, உப்புநீரைக் கலக்கும் சிறு மோட்டாரை மட்டும் ஓட விடலாம். மூடிகள் இறுக்கமாக இருந்து, புதிய நீரும் இறங்காவிட்டால், அந்த நான்கு மணித்தியாலத்தில் உப்புநீர் சில பாகைதான் ஏறும். பத்தரைக்கு மேல் மலிவான இரவு அலகு. மறுநாள் பகலில் சூரிய மின்சாரம்.

மொத்தமாக மின்சாரம் பெறும் பெரிய பாவனையாளர்களுக்கு மின்பட்டியலில் இன்னொரு வரியும் இருக்கிறது. மாதத்தின் அதிகூடிய மின்தேவை, கிலோவோல்ற் அம்பியரில். ஒரு மாதத்தில் ஏதோ ஒரு பதினைந்து நிமிடத்தில் இழுத்த உச்ச அளவுக்கு மாதம் முழுவதற்கும் கட்டணம் உண்டு. மின்தடை முடிந்து மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கம்பிரசர்களையும் நீர்ப்பம்பிகளையும் ஒன்றாகப் போட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த ஒரு கால் மணித்தியாலமே மாத முழுவதற்கும் கட்டணத்தை நிர்ணயித்துவிடுகிறது. ஒன்றன் பின் ஒன்றாக, இடைவெளி விட்டுத் தொடங்க வேண்டும்; வலுக்காரணியை (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பயனுள்ள வேலையாகிறது என்ற அளவை) உயர்த்தும் கொள்ளளவிகள் பழுதாகியிருந்தால் மாற்ற வேண்டும்.

நிலாவெளி விடுதி எழுதியது:

சிறிய விடுதி ஒன்றை நடத்துகிறேன். சித்திரை முதல் புரட்டாதி வரை எங்கள் பருவம். விருந்தினர் கடலில் குளித்துவிட்டு ஆறு மணிக்கு அறைக்கு வருவார்கள், வந்ததும் குளிரூட்டியை 18 பாகையில் வைப்பார்கள், வெந்நீர் ஓடும், சமையலறை தொடங்கும். எல்லாம் ஒரே மணித்தியாலத்தில் நடக்கிறது. கூரையில் சூரிய வெந்நீர்த் தொகுதியைப் பொருத்திய பிறகு ஒரு பெருஞ்சுமை போயிற்று. பகல் இரண்டு மணிக்கே அறைகளின் மேற்கு யன்னல்களுக்குத் திரை விடுவதும், கூரைத் தகட்டின் கீழ் வெப்பத்தடுப்புத் தாள் போடுவதும் குளிரூட்டியின் வேலையைக் குறைத்தன. பாகையைக் கூட்டி வைக்கச் சொல்லி விருந்தினரிடம் கேட்பது கடினம் என்று நினைக்காதீர்கள். அறையில் மின்விசிறியும் இருந்தால் 25 பாகை போதும் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ ஆறு சதவீதம் மிச்சம் என்று இந்திய எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு எங்கள் மின்மானியோடு ஒத்துப்போகிறது.

உவர்மலை ஆசிரியை எழுதியது:

இங்கே எழுதியவர்கள் எல்லோரும் தொழிற்சாலையையும் விடுதியையும் பற்றி எழுதியிருப்பதால், வீடுகளைப் பற்றி நான் எழுதுகிறேன். அதில் சற்றுக் கடுமையாகவும் பேச வேண்டியிருக்கிறது.

மின்சிக்கனம் என்றால் இந்த நாட்டில் முதலில் அறிவுரை கேட்பவள் வீட்டுப் பெண்தான். ஆறரைக்குப் பிறகு அயன் பண்ணாதே, சலவை இயந்திரம் போடாதே, சோற்றுக் குக்கரை முன்கூட்டியே வை. காலை ஏழு மணிக்கு வெளியேறி, பாடசாலையிலோ கச்சேரியிலோ கடையிலோ வேலை செய்துவிட்டு மாலை ஐந்தரைக்குத் திரும்புகிறவளுக்கு வீட்டு வேலைக்கு இருக்கும் நேரமே அந்த நான்கு மணித்தியாலம்தான். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். நோன்பு மாதத்தில் அந்த நேரத்தில்தான் நோன்பு திறக்கப்படுகிறது. மனிதரின் நாளை நகர்த்தச் சொல்வதற்கு முன் இயந்திரங்களின் நாளை நகர்த்துங்கள் என்று கேட்கிறேன். நானாவின் ஐஸ் தொட்டிக்கும் நீர்ப்பம்பிக்கும் பிள்ளைகளோ பாடசாலை நேர அட்டவணையோ கிடையாது.

நேரத்துக்கேற்ற விலை வீட்டுப் பாவனையாளருக்கும் விருப்பத் தெரிவாக இருக்கிறது. ஆனால் மாதம் 60 அலகுக்குக் குறைவாகப் பாவிக்கும் ஒரு குடும்பம் அதற்கு மாறினால் நட்டமே அடையும், ஏனென்றால் சாதாரணப் பட்டியலில் அவர்களுக்குக் கிடைக்கும் மலிவான முதற் படிகள் அங்கே இல்லை. பணமும் பற்றரியும் உள்ள வீடுகளுக்கே அது பொருத்தம்.

ஏழை வீட்டில் நேரத்தை மாற்ற இடமில்லை. பொருளின் திறனை உயர்த்த இடமுண்டு. திருகோணமலையில் மின்விசிறி ஆடம்பரமன்று. கச்சான் அடிக்கும் காலத்தில் இரவு முழுவதும் அது ஓடியே ஆக வேண்டும். சாதாரண கூரை மின்விசிறி 75 வாட் எடுக்கிறது. தூரிகையற்ற நேரோட்ட மோட்டார் பொருத்திய புதிய வகை 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. ஒரு நாளில் பன்னிரண்டு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 16 அலகு மீதம். எங்கள் கட்டண முறையில் 60 அலகு என்ற எல்லையைத் தாண்டினால், தாண்டிய அலகுக்கு மட்டுமன்றி முதல் 60 அலகுக்கும் கூடிய விலை விழுகிறது. நிலையான கட்டணமும் உயர்கிறது. 70 அலகு பாவிக்கும் வீட்டை ஒரு மின்விசிறி 54 அலகுக்குக் கொண்டுவந்தால் கிடைக்கும் நன்மை, அந்த 16 அலகின் விலையைவிடக் கூடுதலானது.

அந்த மின்விசிறியின் விலையை ஒரே தடவையில் கொடுக்கத்தான் முடிவதில்லை. தொண்ணூறுகளில் மின்சார சபை சி.எஃப்.எல். எனும் சிக்கன மின்குமிழ்களைக் கொடுத்து, விலையை மின்பட்டியலோடு தவணையாக அறவிட்ட முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. மின்விசிறிக்கு அதைச் செய்வதில் என்ன தடை? ஒரு இலட்சம் மின்விசிறிகள் மாறினால், அவை ஒன்றாக ஓடும் வேளையில் 45 வாட் வீதம் 4.5 மெகாவாட் குறையும்.

உள்துறைமுகம் எழுதியது:

ஆசிரியை அவர்களின் 4.5 மெகாவாட்டோடு வழியில் தொலைவதையும் கூட்ட வேண்டும். நாட்டின் அனுப்பீட்டு, விநியோக இழப்பு 2000 ஆம் ஆண்டளவில் இருபது சதவீதத்துக்கு மேல் இருந்து இன்று பத்துக்குக் கீழே வந்திருக்கிறது; இது பாராட்டப்பட வேண்டிய உழைப்பு. ஆனால் அது ஆண்டுச் சராசரி. கம்பியில் வெப்பமாகப் போகும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், உச்ச நேரத்தில் அது சராசரியைவிட அதிகம். நம் மாவட்டத்துக்கான மின்சாரம் அநுராதபுரப் பக்கமிருந்து 132 கிலோவோல்ற் வழியில் நெடுந்தூரம் வந்து, பிறகு புல்மோட்டை, வெருகல் போன்ற கடைக்கோடிகளுக்கு நீண்ட விநியோக வழிகளில் போகிறது. அந்தக் கோடியில் இரவு எட்டு மணிக்குச் சேமிக்கப்படும் ஓர் அலகு, மின்நிலையத்தில் ஓர் அலகை விடக் கூடுதலாகச் சேமிக்கிறது.

சம்பூரான் எழுதியது:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். என் ஊரின் பெயர் முதற்பந்தியிலேயே வருவதால் எழுதுகிறேன்.

நாங்கள் 2006 இல் இடம்பெயர்ந்து, 2015 இலும் 2016 இலும்தான் காணிகளுக்குத் திரும்பினோம். இடையில் எங்கள் வயலும் மேய்ச்சல் நிலமும் தேசத்தின் மின்தேவைக்கு அவசியம் என்று சொல்லப்பட்டது. நிலக்கரி போன பிறகு சூரியத் தகடு வந்தது. புகையும் சாம்பலும் இல்லை என்பது உண்மையான நன்மை, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் சூரியத் தகட்டுக்கும் நிலம் வேண்டும், வேலி வேண்டும், மாடுகள் வேறு பக்கம் போக வேண்டும். அந்தத் தகடுகள் மாலை ஆறரைக்கு உறங்கிவிடுகின்றன என்றால், உச்ச நேரத்துக்கென்று இன்னொரு நிலையத்தையும் இன்னொரு காணியையும் தேடி யாரோ வருவார்கள். அப்போது நாட்டின் மின்தேவை என்ற அதே சொல் எங்கள் முன் வைக்கப்படும்.

ஆகவே மின்சிக்கனத்தை நான் கட்டணப் பட்டியலாகப் பார்க்கவில்லை. நகரத்தில் நகர்த்தப்படும் ஒவ்வொரு மெகாவாட்டும் ஏதோ ஒரு கிராமத்தில் எடுக்கப்படாமல் விடப்படும் நிலம். உற்பத்தித் திட்டத்துக்குக் காணி அளக்க வருகிறவர்கள், இதே அளவைச் சேமிப்பால் பெற முடியாது என்று முதலில் கணக்கோடு காட்ட வேண்டும் என்பதை விதியாக்க வேண்டும்.

பேராதனை மாணவன் எழுதியது:

சம்பூர் அண்ணா கேட்கும் விதியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மிகக் குறைந்த செலவில் மின்தேவையை நிறைவேற்றும் நீண்டகாலத் திட்டத்தில், ஒரு மெகாவாட் உற்பத்தியையும் ஒரு மெகாவாட் சேமிப்பையும் ஒரே தராசில் வைத்து ஒப்பிடும் முறை பல நாடுகளில் உண்டு. நம் திட்டங்களில் சேமிப்பு ஓர் எதிர்வுகூறலாக வருகிறது. முதலீட்டுக்குரிய தெரிவாக வருவது குறைவு.

வெளிநாடுகளில் நடந்தவற்றில் நமக்குப் பொருந்துபவை இரண்டு என்று நினைக்கிறேன். பிரேசிலில் 2001 இல் வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, வீடுகளுக்கு இருபது சதவீதக் குறைப்பு இலக்கு கொடுத்து, அதைவிடக் குறைத்த சிறு பாவனையாளருக்கு ஊக்கத்தொகையும் மீறியவர்களுக்குத் தண்டக் கட்டணமும் வைத்தார்கள். நேரம் குறித்த மின்வெட்டே இல்லாமல் அந்தக் காலத்தைக் கடந்தார்கள். நாம் 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். நம் நெருக்கடிக்கு எரிபொருள் வாங்க டொலர் இல்லாமையே காரணம் என்பதால் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இருந்த மின்சாரத்தைப் பங்கிட்ட முறையில் கற்க நிறைய இருக்கிறது. மற்றது தாய்லாந்து. 1993 இல் தொடங்கிய திட்டத்தில் அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தவில்லை. குழல் விளக்கு செய்யும் கம்பனிகளோடு பேசி, 40 வாட் குழலுக்குப் பதில் 36 வாட் குழலையே சந்தைக்கு வர வைத்தார்கள். கடைக்குப் போனவருக்குத் திறனான பொருளே கிடைத்தது. ஆசிரியை அவர்கள் சொன்ன மின்விசிறிக்கு இந்த வழியே ஏற்றது: இறக்குமதியில் திறன் குறைந்ததை நிறுத்தி, மின்திறனைக் காட்டும் நட்சத்திர முத்திரையைக் கட்டாயமாக்கிவிட்டால் அறிவுரை தேவைப்படாது.

சம்பூர் அண்ணாவுக்கு இன்னொரு குறிப்பு. நிலக்கரி நிலையம் இரவும் பகலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஓடுவதற்கென்றே கட்டப்படுவது. அது சம்பூரில் வந்திருந்தால் மாலை உச்சத்தின் ஒரு பகுதியைத் தாங்கியிருக்கும். ஆனால் இன்றைய நண்பகலில் சூரிய மின்சாரத்துக்கு இன்னும் இடம் குறைந்திருக்கும்.

கந்தளாய் வாய்க்கால் எழுதியது:

திருகோணமலை நகருக்கான குடிநீரின் பெரும்பகுதி கந்தளாயில் சுத்திகரிக்கப்பட்டு வருவதை அறிவீர்கள். நீரைத் தூக்குவதும் தள்ளுவதும் முழுக்க மின்சாரம். நான் அந்தத் துறையில் வேலை செய்யவில்லை. பல இடங்களில் பம்பிகளையும் மேல்நிலைத் தாங்கிகளையும் பழுதுபார்த்தவன்.

மேல்நிலைத் தாங்கிகளில் நீர்மட்டம் குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் பம்பியைத் தானாகப் போடும் ஆளி இருக்கும். ஊர் முழுவதும் குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவும் நேரம் மாலை. தாங்கி ஏழு மணியளவில் பாதிக்கு வரும். ஆளி பம்பியைத் தொடக்கும். யாரும் முடிவு செய்யாமலே, ஒவ்வொரு நாளும், உச்ச நேரத்தின் நடுவில் பம்பி ஓடுகிறது. இதற்கு ஒரு நேரக் கடிகாரமும், மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு வேறோர் ஆளியும் போதும். காலை பத்து முதல் மூன்று வரை தாங்கியை விளிம்பு வரை நிரப்பிவிட வேண்டும். ஆறரைக்குப் பிறகு அபாய மட்டத்துக்கு இறங்கினால் மட்டுமே பம்பி ஓட வேண்டும். தாங்கி சிறிதாக இருக்கும் இடங்களில் இது சரிவராது. அங்கே இன்னொரு தாங்கி கட்டும் செலவை, பற்றரித் தொகுதி வாங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயரத்தில் ஏற்றி வைத்த நீர் ஆண்டுகள் போனாலும் தேயாத பற்றரி.

வீடுகளிலும் இதே கதைதான். கிணற்று மோட்டார் ஒரு குதிரைவலு என்றால் ஒரு கிலோவாட் அளவில் இழுக்கும். மஃரிப் தொழுகை நேரமான அந்தியில் தாங்கி வற்றியதைப் பார்த்து மோட்டாரைப் போடுவதற்குப் பதில், பகலில் கடிகாரம் போட்டுவிடட்டும். ஆசிரியை சொன்ன எந்தச் சுமையும் இதனால் எவர் தலையிலும் ஏறாது. கூரைச் சூரியத் தகடுகள் நெருக்கமாக உள்ள ஒழுங்கைகளில் நண்பகல் வோல்ற்றளவு 244 ஐத் தாண்டி இன்வேட்டர்கள் தாமாக நின்றுவிடுகின்றன என்ற முறைப்பாட்டை அடிக்கடி கேட்கிறேன். அதே நிலைமாற்றியில் பத்து மோட்டார்கள் பகலில் ஓடினால் அந்த வோல்ற்றளவும் இறங்கும்.

உள்துறைமுகம் எழுதியது:

இதுவரை வந்தவற்றை வைத்து ஒரு கோரிக்கையை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கட்டணத் திருத்தங்களின் போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தை எழுத்திலும் வாய்மூலமாகவும் கேட்கிறது. அங்கே பெரும்பாலும் விலையைக் குறையுங்கள் என்ற ஒரே குரல் ஒலிக்கிறது. நாம் நேரத்தைப் பற்றிப் பேசுவோம்.

முதன்மையாக வைக்க வேண்டியது இது: நீண்ட காலமாக இருந்துவரும் நேரப் பிரிவில் காலை ஐந்தரை முதல் மாலை ஆறரை வரை ஒரே பகல் விலை, இரவு பத்தரைக்கு மேல்தான் மலிவு. சூரிய மின்சாரம் இல்லாத காலத்துக்குப் பொருத்தமாக அமைந்த பிரிவு அது. இன்று மின்சாரம் மிஞ்சும் நேரம் நண்பகல். காலை பத்து முதல் மூன்று வரை தனியான மலிவு விலை வைத்தால் ஐஸ் தொழிற்சாலையும், நீர்ப்பம்பியும், குளிர்களஞ்சியமும், விடுதியின் சலவையும் யாரும் சொல்லாமலே அங்கே நகரும். பற்றரியில் சேமித்து மாலையில் திருப்பித் தரும் கூரை உரிமையாளருக்கு உயர்ந்த விலை கொடுக்கும் திட்டம் வந்திருக்கிறது, அது நல்லது. அதே கொள்கையின்படி, மாலையில் எடுக்காமல் விடுகிறவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். ஐஸ் கட்டியும் ஒரு சேமிப்பே.

அடுத்து மின்விசிறிக்கான தவணைத் திட்டம். ஆசிரியை அவர்கள் எழுதிய பந்தியை அவருடைய அனுமதியோடு அப்படியே சேர்க்கிறேன். சம்பூர்த் தம்பியின் விதியை இறுதியாக வைத்திருக்கிறேன். அது அந்த ஆணைக்குழுவின் எல்லைக்கு வெளியே போகலாம். ஆயினும் 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மின்துறை பல நிறுவனங்களாகப் பிரிக்கப்படுவதால், மின்சாரத்தை விற்கும் நிறுவனத்துக்கு விற்பனையைக் குறைக்கும் கடமையை யார் கொடுப்பார்கள் என்ற கேள்வி எழுத்தில் பதிவாக வேண்டும்.

நானாவிடம் ஒரு வேண்டுகோள். யோசனை தாளில் சரியாக இருக்கிறது. தொட்டியில் சரியாக இருக்குமா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு தொட்டியில் முயன்று, ஆறரைக்கும் பத்தரைக்கும் மின்மானி வாசிப்பையும் உப்புநீரின் வெப்பநிலையையும் குறித்துத் தர முடியுமா?

கிண்ணியாக் கரை எழுதியது:

முதலாளியிடம் பேசினேன். பழைய தொட்டியில் செய்து பார்க்க இணங்கியிருக்கிறார். தாங்கிக்குப் பந்தல் போடும் வேலை தொடங்கிவிட்டது. அதில் அவருக்குத் தயக்கமே இருக்கவில்லை.

நேர மாற்றத்தில் இரண்டு சிக்கல்கள். இரவு பத்தரைக்கு நீர் நிரப்பினால், தடித்த கட்டி மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு நடுவில் உறையாமல் நிற்கும். அப்படிப்பட்ட கட்டியைப் படகுக்காரர் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது. அது அரை வழியில் கரைந்து மீன் கெடும். ஆகவே அச்சுகளைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை ஒரு நாளும் மறு பாதியை மறு நாளும் கழற்ற வேண்டும். அல்லது காலையில் கழற்றி வைக்கக் குளிர் அறை ஒன்று வேண்டும். பிரித்துச் செய்தால் அன்றாட ஐஸ் குறையும். பருவ காலத்தில் அது முடியாது, மழைக் காலத்தில் முடியும். குளிர் அறைக்கான செலவை ஐயா கோரிக்கையில் சேர்த்தால், ஐஸ் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் பலர் கையெழுத்திடுவார்கள் என்று நம்புகிறேன்.

மற்றது ஆட்கள். நீர் நிரப்புகிறவர்கள் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறவர்கள். பத்தரைக்கு அவர்களை நிற்கச் சொன்னால் இரவுக் கூலி கொடுக்க வேண்டும். நீரை நிரப்பத் தானாக மூடித் திறக்கும் வால்வு பொருத்தினால் ஓர் ஆள் போதும். அதன் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இரவுக் கூலியைக் கழித்த பிறகும் மின்பட்டியலில் மீதம் தெரிகிறதா என்பதை முதல் மாதப் பட்டியல் வந்ததும் வாசிப்புகளோடு இங்கே பதிவிடுகிறேன்.